கான்ஸ்டபிளின் ‘ஹேட்லி கோட்டை’: எண்ணெய் வண்ணத்தில் பிரதி எடுக்க முழுமையான வழிகாட்டி

ஆங்கில நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1829-ல் காட்சிக்கு வைத்த ‘ஹேட்லி கோட்டை’யைப் பிரதி எடுக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே ஒரு தவறு செய்கிறார்கள். இடப்பக்கம் நிற்கும் இடிந்த கோபுரத்தில் கை வைத்துவிடுகிறார்கள். பெயரிலேயே கோட்டை இருப்பதால் அங்கே கை போவது இயல்புதான். ஆனால் கோபுரத்தை முடித்துவிட்டு அதைச் சுற்றி வானத்தை நிரப்பினால், கோபுரம் கத்தரித்து ஒட்டிய காகிதம் போல ஆகிவிடும். புயல் ஓய்ந்த மறுநாள் காலை, மேகத்துக்குப் பின்னாலிருந்து தேம்ஸ் முகத்துவாரத்தின் மேல் விழும் வெளிச்சம்தான் இந்த ஓவியத்தின் பொருள். கோபுரம் அந்த வெளிச்சத்துக்கு முன்னால் நிற்கிறது. அதனால் வேலையின் வரிசையும் வெளிச்சத்திலிருந்துதான் வர வேண்டும்: முதலில் வானம், பிறகு கடல், அப்புறம் கோபுரம், மண், கடைசியில் வெள்ளைப் புள்ளிகள்.

கேன்வாஸை ஒருமுறையாவது தொட்டு, எண்ணெய் வண்ணம் காய எத்தனை நாளாகும் என்று அறிந்தவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். வாரத்துக்கு இரண்டு அமர்வு வைத்தால் ஐந்து, ஆறு வாரம் ஆகும்.

1. எந்தப் படத்தைப் பார்த்து வரைவது

இந்தக் காட்சியைக் கான்ஸ்டபிள் பெரிய அளவில் இரண்டு முறை வரைந்திருக்கிறார். முடித்த ஓவியம் 121.9 × 164.5 செ.மீ.; அமெரிக்காவில், யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கிறது. அதற்காக ஏறத்தாழ அதே அளவில் போட்ட முன்வரைவு லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 122.6 × 167.3 செ.மீ. இணையத்தில் தேடினால் இரண்டும் ஒரே பெயரில் வந்து நிற்கும். வானத்துக்கு ஒன்றையும் தரைக்கு இன்னொன்றையும் பார்த்து வரைந்து, இரண்டும் ஒட்டாமல் திண்டாடுகிறவர்கள் நிறைய.

புதியவர்களுக்கு யேல் படமே நல்லது. அதில் வடிவங்கள் தெளிவாக இருக்கின்றன. டேட் முன்வரைவு முரடானது, கருமை கூடியது. பேலட் கத்தியின் வேகம் அதில் அப்படியே தெரியும். அதை இரண்டாவது பிரதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

யேல் மையம் தன்னிடம் உள்ள, காப்புரிமை காலாவதியான ஓவியங்களின் உயர்தரப் படங்களை இலவசமாகத் தருகிறது. அதை இறக்கி ஏ3 தாளில் மேட் முடிப்பில் அச்சிடுங்கள். பளபளப்புத் தாளில் இருட்டுப் பகுதிகளின் நிறம் விளக்கொளியில் மறைந்துபோகும். அதே படத்தைக் கறுப்பு வெள்ளையில் இன்னொரு பிரதி எடுங்கள். பாதி வேலையை அதைப் பார்த்துத்தான் செய்யப்போகிறீர்கள்.

அலைபேசித் திரையைப் பார்த்து வரைய வேண்டாம். திரையின் வெளிச்சத்துக்கு ஈடாக எந்த வண்ணத்தாலும் ஒளிர முடியாது. திரையை நம்பினால் வானத்தை வெளுக்க வைத்துவிட்டு, கடைசியில் வெள்ளைப் புள்ளி வைக்கும்போது இடமில்லாமல் நிற்பீர்கள்.

2. கேன்வாஸ் அளவு

மூல ஓவியத்தில் உயரம் 1 என்றால் அகலம் 1.35. கடையில் தயாராகக் கிடைக்கும் 24 × 36 அங்குல கேன்வாஸில் அந்த விகிதம் 1.5 ஆகிவிடும். அதில் வரைந்தால் கடல் நீண்டு கோபுரம் குட்டையாகத் தெரியும். 24 × 30-ல் வலப்பக்கக் கடலை வெட்ட வேண்டியிருக்கும். இந்த ஓவியத்தின் மூச்சே அந்தக் காலியிடம்தான்.

60 × 81 செ.மீ. கேன்வாஸ் சரியாகப் பொருந்தும். கிடைக்காவிட்டால் தச்சரிடம் அந்த அளவுக்குச் சட்டம் சொல்லி நீங்களே துணி இழுங்கள். நான்கு மூலையிலும் ஆப்பு வைக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் துணி தொய்ந்தால் ஆப்பை இரண்டு தட்டுத் தட்டி இறுக்கிக்கொள்ளலாம்.

3. வாங்க வேண்டியவை

வண்ணங்கள் ஒன்பது போதும்: டைட்டானியம் ஒயிட், யெல்லோ ஆக்கர், ரா சியென்னா, பர்ன்ட் சியென்னா, பர்ன்ட் அம்பர், லைட் ரெட், கோபால்ட் ப்ளூ, பிரஷ்யன் ப்ளூ, ஐவரி பிளாக். வெள்ளை மட்டும் பெரிய டியூபாக இருக்கட்டும். மற்ற எல்லாம் சேர்ந்து தீர்வதைவிட அது அதிகம் தீரும்.

கான்ஸ்டபிள் பயன்படுத்தியது ஈய வெள்ளை. அது நஞ்சு, வீட்டில் வைத்துப் புழங்க வேண்டாம். டைட்டானியம் அதைவிடக் குளிர்ந்த வெள்ளை, சுண்ணாம்பு அடித்தது போலத் தெரியும். ஒரு பட்டாணி அளவு வெள்ளைக்கு ஊசிமுனை அளவு யெல்லோ ஆக்கர் சேர்த்தால் சரியாகும். ஜிங்க் ஒயிட் வாங்காதீர்கள். அது காய்ந்தபின் நொறுங்கும் தன்மை கொண்டது. கனமாக வைத்த இடங்களில் சில ஆண்டுகளில் விரிசல் விடும்.

டியூபில் கிடைக்கும் பச்சை எதுவும் வேண்டாம். காரணம் எட்டாம் படியில்.

பிரஷ்: பன்றி மயிரில் தட்டை வடிவம் 12, 8, 4, மென்மயிரில் அகலமான தட்டை ஒன்று, மெல்லிய உருண்டை 1, 2. பேலட் கத்தி இரண்டு: கலக்க ஒன்று, வண்ணம் வைக்கக் கரண்டி போல வளைந்த கழுத்துள்ள சிறியது ஒன்று. ஓவியர்களுக்கென விற்கும் டர்பன்டைன், லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்). பெயின்ட் கடையில் கிடைக்கும் டர்பன்டைன் பிசுக்கு விட்டுப்போகும்.

எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. லின்சீட் ஆயில் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு கிளம்பும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீர் நிறைந்த, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

4. அடித்தளம்

ஜெஸ்ஸோ (கேன்வாஸுக்கான வெள்ளை அடிப்பூச்சு) இரண்டு பூச்சு, ஒன்றுக்கொன்று குறுக்காக. ஒவ்வொன்றும் காய்ந்ததும் 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கவும். அதன்மேல் அக்ரிலிக்கில் பர்ன்ட் சியென்னா இரண்டு பங்கு, ஆக்கர் ஒரு பங்கு, நிறையத் தண்ணீர் விட்டு ஒரே பூச்சு. காய்ந்ததும் நீர்த்த தேநீர் நிறத்தில் இருக்க வேண்டும்.

இந்தப் பழுப்பு இல்லாமல் வெள்ளைக் கேன்வாஸில் தொடங்கக் கூடாது. கான்ஸ்டபிள் பெரும்பாலும் பழுப்பு அல்லது இளஞ்சிவப்பு கலந்த தளத்தின் மேல்தான் வேலை செய்தார். சாம்பல் மேகங்களின் இடுக்கில் அந்தப் பழுப்பு எட்டிப் பார்க்கும்போது சாம்பலுக்கு உயிர் வருகிறது. வெள்ளைத் தளத்தில் அதே சாம்பல் சிமென்ட் போலிருக்கும்.

அக்ரிலிக் மேல் எண்ணெய் வண்ணம் நிற்கும். எண்ணெய் மேல் அக்ரிலிக் உரிந்து வரும். அதனால் அக்ரிலிக் வேலை இந்தப் படியோடு முடிந்தது.

5. கோடும் நிழலும்

அச்சிட்ட படத்தில் உயரத்தை 6 ஆகவும் அகலத்தை 8 ஆகவும் பிரித்துக் கட்டம் போடுங்கள். ஏ3 தாளில் ஒரு கட்டம் ஏறத்தாழ 5 செ.மீ., கேன்வாஸில் 10 செ.மீ. வரும். கேன்வாஸில் கட்டம் போடச் சாக்குக்கட்டி போதும். பென்சில் கோடு பின்னாளில் மெல்லிய வண்ணத்தின் வழியே தெரியும்.

முதல் கோடு தொடுவானம். அது படத்தின் பாதி உயரத்தை ஒட்டி ஓடுகிறது. இரண்டு ஓரத்திலும் கீழ்ச் சட்டத்திலிருந்து அளந்து புள்ளி வைத்து, அளவுகோலால் இணைக்கவும். கண்மதிப்பில் போட்டால் இடப்பக்கக் குன்றின் சரிவு கையை இழுத்துவிடும். கடல் ஒருபக்கம் சாய்ந்து தண்ணீர் வழிவது போலாகும்.

அடுத்து குன்றின் சரிவு, பெரிய கோபுரம், அதற்கு வலப்பக்கம் சற்று உள்ளே தள்ளி நிற்கும் சிறிய இடிபாடு. வெளிக்கோடு மட்டும் போதும், கல் வேண்டாம். கோபுரத்தின் அமைப்பு புரியவில்லை என்றால், கான்ஸ்டபிள் 1814-ல் நேரில் பார்த்துப் போட்ட சிறிய பென்சில் படம் லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு பர்ன்ட் அம்பரை டர்பன்டைனில் கரைத்து, கறுப்பு வெள்ளைப் பிரதியைப் பார்த்து நிழல்களை மட்டும் போடவும். மூன்று அளவு போதும்: அழுத்தமான இருட்டு, நடுத்தரம், தொடாமல் விட்ட பழுப்பு. வெளிச்சம் வேண்டிய இடத்தைத் துணியால் துடைத்து எடுங்கள். மூன்று மீட்டர் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், இப்போதே படம் புயல் காலை போலத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நிறம் ஏற்றினாலும் தெரியாது. இங்கேயே சரிசெய்யுங்கள், அம்பர் விரைவில் காயும், இரண்டு நாளில் அடுத்த படிக்குப் போகலாம்.

6. வானம்

மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு இங்கே செலவாகும். அவசரப்படாதீர்கள். கான்ஸ்டபிள் 1821, 1822-ல் லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் மேகங்களை மட்டும் சிறிய தாள்களில் வரைந்து வரைந்து பழகினார். அவற்றில் ஏதாவது ஒன்றை அஞ்சலட்டை அளவில் முதலில் பிரதி எடுத்துப் பாருங்கள். கையின் வேகம் அதில் பிடிபடும்.

கலவைகளை முன்கூட்டியே நான்கு குவியலாகச் செய்து வையுங்கள். ஈரம் காய்வதற்குள் மேகங்கள் ஒன்றோடொன்று உரச வேண்டும். நடுவில் கலக்க உட்கார்ந்தால் விளிம்புகள் இறுகிவிடும்.

கருமேகம்: வெள்ளை 4 பங்கு, ஐவரி பிளாக் 1, லைட் ரெட் அரை, பிரஷ்யன் ப்ளூ ஒரு அரிசி மணியளவு. பிரஷ்யன் ப்ளூவின் வீரியம் தெரியாமல் டியூபைப் பிதுக்குகிறவர்களின் வானம் நீலமை கொட்டியது போல ஆகிவிடும். அதைக் கத்தி நுனியால் மட்டும் எடுங்கள். நடுமேகம்: அதே கலவையில் வெள்ளை இரு மடங்கு, ஆக்கர் சிறிது. மேகத்தின் ஒளிரும் ஓரம்: வெள்ளையும் ஆக்கரும். மேகம் விலகிய இடத்து நீலம்: கோபால்ட், வெள்ளை, லைட் ரெட் துளி.

இந்தப் படியில் டர்பன்டைன் 2, லின்சீட் 1 என்ற கலவையைத் தொட்டுக்கொள்ளுங்கள். முதலில் கருமேகம், பிறகு நடுமேகம், அப்புறம் நீலம். ஒளிரும் ஓரம் கடைசி. 12-ஆம் எண் பிரஷ்ஷை மேகம் நகரும் திசையில் இழுக்கவும். சின்னப் பிரஷ்ஷால் வட்டமாகச் சுழற்றினால் மேகம் பஞ்சு மூட்டையாகும். எல்லா இடத்தையும் மூடிவிட வேண்டாம். விரல்கடை அளவுக்கு அங்கங்கே பழுப்புத் தளம் தெரியட்டும்.

கோபுரம் வரும் இடத்துக்குள்ளும் வானத்தை ஒன்றிரண்டு செ.மீ. இழுத்துவிடுங்கள். பெரிய கோபுரம் மேலிருந்து கீழாகப் பிளந்திருக்கிறது. அந்தப் பிளவின் மேற்பகுதியையும் இப்போதே வான நிறத்தால் நிரப்புங்கள். பலர் பிளவைக் கறுப்புக் கோடாகப் பின்னர் போடுகிறார்கள். அது சுவர்க் கீறலாகத்தான் தெரியும், உடைந்த கோபுரமாகத் தெரியாது. வெளிச்சம் ஊடே வந்தால்தான் அது இடிபாடு.

ஒளிக்கற்றைகளை அன்றே போடாதீர்கள். மறுநாள் வண்ணம் பிசுபிசுப்பாக இருக்கும்போது, மென்மயிர்ப் பிரஷ்ஷில் மிகக் குறைவாக வெளிறிய கலவை எடுத்து, துணியில் முக்கால்வாசியைத் துடைத்துவிட்டு, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. இங்கே வழக்கமாக வரும் தவறு கற்றைகளை இணையாகப் போடுவது. அவை எல்லாம் மேகத்துக்குப் பின்னால் மறைந்த ஒரே சூரியனிலிருந்து விரிகின்றன. அச்சுப் படத்தில் இரண்டு கற்றைகளை அளவுகோலால் மேல்நோக்கி நீட்டினால் அவை சந்திக்கும் இடம் கிடைக்கும். கேன்வாஸில் அந்த இடத்துக்கு நேரே நூலின் ஒரு முனையை விரலால் பிடித்து, மறுமுனையைக் கீழே இழுத்துத் திசை பார்த்துக்கொள்ளுங்கள். கற்றையின் ஓரம் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் கரைந்தும் இருந்தால் போதும்.

ஐந்து நாள் காய விடுங்கள். ஐவரி பிளாக்கும் டைட்டானியமும் மெதுவாகக் காயும் நிறங்கள். ஈரக்காற்று அடிக்கும் கடலோர ஊர்களில் ஏழு நாள்கூட ஆகலாம். இருட்டறையில் வைத்தால் எண்ணெய் மஞ்சளாகும். வெளிச்சமும் காற்றும் வரும் இடத்தில், தூசி விழாதபடி சற்றுச் சாய்த்து வையுங்கள்.

7. கடல்

அலை வரையாதீர்கள். பார்வை குன்றின் மேலிருந்து விழுகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து தொலைவில் அலை தெரியாது, ஒளிப் பட்டைகளும் நிழல் பட்டைகளும்தான் தெரியும். பிரஷ் கிடைமட்டமாக மட்டுமே நகரட்டும்.

தொலைவிலிருந்து அருகே வாருங்கள். தொடுவானத்தை ஒட்டிய வெளிச்சப் பட்டைதான் முழு ஓவியத்திலும் கண் போய் நிற்கும் இடம். அதற்கு ஆக்கர் கலந்த வெள்ளையைச் சிறிய கத்தியால் சற்றுக் கனமாக வைக்கவும். அதன் கீழே மேகநிழல் விழுந்த சாம்பல் பச்சை. கரையை நெருங்க நெருங்கச் சேற்றுநிலத்தின் பழுப்பு கலக்கட்டும். எதிர்க்கரையாகத் தெரிவது கென்ட் மாவட்டம். அதை வானத்தின் நடுமேகக் கலவையில் ஒரு துளி கோபால்ட் கூட்டி ஒரே கோடாக இழுத்தால் முடிந்தது.

தொடுவானக் கோடு கத்தி போல் கூர்மையாக இருந்தால், உலர்ந்த பிரஷ்ஷால் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் மேல்நோக்கித் தட்டுங்கள். முழுக்கக் கரைத்தால் மூடுபனியாகிவிடும். புயல் கழுவிய காற்றில் தொலைவு தெளிவாகத் தெரியும் என்பதை மறக்கக் கூடாது.

8. கோபுரமும் குன்றும்

ஹேட்லி கோட்டை கென்ட் பகுதியின் சாம்பல் நிறச் சுண்ணக்கல்லால் கட்டியது. ஒழுங்காகச் செதுக்காத கல், நிறையச் சாந்து. ஆகவே செங்கல் வரிசை போலக் கோடு போட்டால் பொய்யாகிவிடும்.

கலவை: ஆக்கர் 3, வெள்ளை 2, ஐவரி பிளாக் 1, பர்ன்ட் சியென்னா சிறிது. இதிலிருந்து இருட்டுப் பக்கத்துக்கு அம்பர் கூட்டியும், ஒளிப்பக்கத்துக்கு வெள்ளை கூட்டியும் மூன்று குவியல். கோபுரம் உருண்டை. முதலில் மூன்று நிறத்தையும் செங்குத்துப் பட்டைகளாக வைத்து உருளை வடிவைக் கொண்டுவாருங்கள். அந்த ஈரத்தின் மேலேயே கத்தியின் தட்டைப் பக்கத்தால் வண்ணத்தை அழுத்தி எடுங்கள். கத்தி விலகும்போது எழும் முரட்டு மேடுதான் கல்லாகத் தெரியும். ஒரே இடத்தில் மூன்று முறைக்கு மேல் அழுத்தினால் எல்லாம் சேறாகும். தவறினால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.

வெளிச்சம் பின்னாலிருந்து வருவதால் நம்மைப் பார்க்கும் முகத்தில் நிழலே அதிகம். ‘கோட்டை தெரிய வேண்டுமே’ என்று முன்முகத்தை வெளுக்க வைப்பவர்கள் வானத்தைக் கொன்றுவிடுகிறார்கள். கடலின் ஒளிப்பட்டையைவிடக் கோபுரத்தில் எந்த இடமும் வெளிச்சமாக இருக்கக் கூடாது. ஒரு சிறு அட்டையில் துளையிட்டு, அதன் வழியே இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள், கண் ஏமாறாது.

குன்றின் புல்லுக்கு ரா சியென்னா 5 பங்கு, பிரஷ்யன் ப்ளூ அரைப் பங்கு, தேவைக்கு வெள்ளை. டியூப் பச்சையை வேண்டாம் என்று சொன்னது இதனால்தான்: அது எல்லா இடத்திலும் ஒரே பச்சை. இப்படிக் கலந்தால் ஒவ்வொரு முறையும் சற்று மாறி வரும். புல்லும் அப்படித்தான் இருக்கிறது. கீழ் ஓரத்துக்கு அம்பர் கூட்டி இருட்டாக்குங்கள். பார்வை தானாக மேலே ஒளியை நோக்கிப் போகும்.

இந்தப் படியில் டர்பன்டைனும் லின்சீட்டும் சம அளவு. ஒவ்வொரு மேல் அடுக்கிலும் எண்ணெய் சற்றுக் கூட வேண்டும். கீழே எண்ணெய் அதிகமாகி மேலே குறைந்தால், மேல் அடுக்கு முதலில் காய்ந்து இறுகும். கீழடுக்கு பிறகு அசையும்போது வெடிக்கும்.

9. இடையர், நாய், மாடு, பறவை

கீழே இடப்பக்கம் கோலும் நாயுமாக இடையர், சரிவில் மாடுகள், கோபுரத்தைச் சுற்றிக் கடற்காக்கைகள். இவை கோபுரத்தின் உயரத்தைச் சொல்லும் அளவுகோல். இடையர் அரை செ.மீ. பெரிதானால் கோபுரம் குடிசையாகும். அச்சுப் படத்தில் கவராயத்தால் அளந்து இரண்டு மடங்காக்குங்கள். முகம், கண் எதுவும் வேண்டாம். ஒரு இருட்டுத் தொடுகை, ஒரு வெளிச்சத் தொடுகை. பறவைகளை எண்ணி வையுங்கள், கூட்டாதீர்கள்.

10. வெள்ளைப் புள்ளிகள்

கான்ஸ்டபிளின் கையெழுத்தே இதுதான்: ஈரப் புல்லிலும் கல்விளிம்பிலும் மினுங்கும் சிறு வெள்ளைகள். அவர் காலத்து விமர்சகர்கள் பனி தூவியது போலிருக்கிறதென்று கேலி செய்தார்கள். அளவு தவறினால் உங்கள் பிரதியும் அப்படித்தான் தெரியும்.

கீழே உள்ள வண்ணம் விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும். ஒரு வாரம், பத்து நாள். ஈரத்தின் மேல் வைத்தால் வெள்ளை கீழ்நிறத்தோடு கலந்து சாம்பலாகும். பிறகு இன்னும் வெள்ளை, இன்னும் சாம்பல் என்று முடிவே இருக்காது.

டியூபிலிருந்து எடுத்த வெள்ளையில் துளி ஆக்கர். எண்ணெய், டர்பன்டைன் எதுவும் சேர்க்கக் கூடாது. கத்தியால் தூக்கினால் கூம்பாக நிற்க வேண்டும். வழிந்தால் செய்தித்தாளில் பத்து நிமிடம் வைத்து எண்ணெயை உறிஞ்ச விடுங்கள். அதற்கு மேல் வைத்தால் பிடிப்பு போய் வண்ணம் உதிரும்.

கத்தி நுனியில் கடுகு அளவு எடுத்து, ஒளி வரும் பக்கம் பார்த்த விளிம்பில் மட்டும் தொட்டு விலகுங்கள்: புல்நுனி, உடைந்த கல்லின் மேல்விளிம்பு, மாட்டின் முதுகு. ஒரு தொடுகை, அவ்வளவுதான், தடவக் கூடாது. ஐந்து வைத்ததும் மூன்று மீட்டர் தள்ளிப் போய்ப் பாருங்கள். சம இடைவெளியில் வந்துவிட்டால் சிலவற்றைக் கத்தியால் உடனே தூக்கிவிடுங்கள். ஈரம் மினுங்குவது போலத் தெரிந்த நொடியில் நிறுத்துங்கள். இன்னும் இரண்டு வைக்கலாமே என்று தோன்றும். அந்த இரண்டில்தான் படம் கெடுகிறது.

11. காய்ந்தபின்

சில நாளில் அம்பர், கறுப்புப் பகுதிகள் மங்கி வெளுத்துத் தெரியும். எண்ணெயைக் கீழடுக்கு உறிஞ்சிக்கொண்டதால் வருவது அது. நிறம் மாறிவிட்டதென்று மேலே வண்ணம் பூசிவிடாதீர்கள். அந்த இடத்தில் மட்டும் லின்சீட் ஆயிலை மிக மெல்லியதாகத் தேய்த்து, அரைமணி கழித்து மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். பழைய ஆழம் திரும்பும்.

இறுதி வார்னிஷுக்கு ஆறு மாதமாவது காத்திருக்க வேண்டும். புள்ளிகள் கனமாக இருந்தால் ஒரு வருடம். துணியில் டர்பன்டைன் நனைத்து ஓரத்தில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். நிறம் ஒட்டி வந்தால் இன்னும் நேரம் ஆகவில்லை.

முன்பக்கம் கான்ஸ்டபிள் பெயரை எழுதக் கூடாது. கேன்வாஸின் பின்புறத்தில் ‘ஜான் கான்ஸ்டபிள், ஹேட்லி கோட்டை, 1829: பிரதி’ என்று எழுதி, உங்கள் பெயரையும் முடித்த வருடத்தையும் போடுங்கள். எந்த வெள்ளை, எந்த எண்ணெய் என்பதையும் ஒரு வரி எழுதி வைத்தால், பிற்பாடு சுத்தம் செய்கிறவருக்கு உதவும்.